கரட்டடி ஓடையில் கிடைத்த ஐந்து கற்கள்: பழைய கற்காலக் கருவிகளா?

கரட்டு நடை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுற்றி நடப்பது எனக்கு ஆறேழு வருடப் பழக்கம். போன வாரம் மழை விட்ட பிறகு போனபோது அடிவாரத்து ஓடையில் ஒரு பக்கம் கரை இடிந்து கிடந்தது. அந்த இடத்தில் ஐந்து கற்கள். நான்கு கருநீலமாக, ஓரம் பிளேடு மாதிரி கூராக இருக்கின்றன. ஒன்று மட்டும் பழுப்பேறிய வெளிர் நிறம், ஒரு முனை குறுகி, இரண்டு பக்கமும் செதுக்கியது போல் இருக்கிறது. ஐந்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த இடங்கள் என்று சென்னைப் பக்கத்துப் பல்லாவரம், அத்திரம்பாக்கத்தைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது "சார், நம்ம ஊர் மலையில அந்த ஆளுங்க இருந்தாங்களா?" என்று கேட்கும், எனக்குப் பதில் தெரியாது. இந்தக் கற்கள் அதற்குப் பதிலாக இருக்குமா? நம் பக்கத்து மலைகளில் இப்படித் தேட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? படங்கள் இணைத்திருக்கிறேன். இடத்தின் வரைபடப் புள்ளியும் வேண்டுமானால் போடுகிறேன்.

வைகைக்கரை:
புள்ளியைப் போடாதீர்கள் சார். முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் புள்ளி போட்டால் அடுத்த வாரமே யாராவது சாக்குப்பையோடு வந்து நிற்பார்கள்.

இரண்டாவது, கல்லை எடுத்து வந்தது கொஞ்சம் வருத்தம்தான். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, முதல் தடவை எல்லாரும் எடுத்துவிடுகிறோம், நானும் எடுத்திருக்கிறேன். கல் உங்கள் மேசையில் இருக்கிறது, ஆனால் அது கரையிலிருந்து விழுந்ததா, மேலேயிருந்து உருண்டு வந்ததா, எந்த மண்ணில் பதிந்திருந்தது, பக்கத்தில் வேறு சில்லுகள் இருந்தனவா என்பதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. கல்லுக்கு வயது சொல்வது அது கிடந்த மண்தான். அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் சொன்னார்களே, அது அங்கே கிடைத்த கைக்கோடரியின், அதாவது கையில் பிடித்து வெட்டும் கற்கருவியின், அழகைப் பார்த்துச் சொன்னது இல்லை. தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999-இலிருந்து அங்கே தோண்டி, களிமண் அடுக்குகளில் பூமியின் பழைய காந்தத் திசை எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்தார்கள். கற்கருவிகளிலேயே, அவை மண்ணுக்குள் புதைந்து எவ்வளவு காலம் ஆகிறது என்பதை பெரிலியம், அலுமினியம் அணுக்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அப்புறம் 2018-இல் மேலடுக்குகளை ஒளிர்வு முறையில் (மண் துகள் கடைசியாக வெளிச்சம் பார்த்து எவ்வளவு காலம் ஆனது என்று கணக்கிடுவது) பார்த்தபோது, கைக்கோடரிக்கு அடுத்த கட்டமான இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று வந்தது. இது எல்லாமே எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற ஒரு குறிப்பின் மேல்தான் நிற்கிறது.

இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, எந்தக் கல்லை ஓடையில் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே படம் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு கல்லையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். கழுவ வேண்டாம்.

மேலூர் கல்லு:
அண்ணே, நான் கல்லுடைக்கிற குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் உளி பிடித்தவர்கள். உங்கள் படத்தில் அந்த நான்கு கருநீலக் கல்லைப் பார்த்ததுமே எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பாறையை உருட்டிச் சரி பண்ணும்போது சம்மட்டியில் ஓரத்தைத் தட்டுவார்கள், அப்போது இப்படித்தான் பொளி பொளியாகச் சில்லு தெறிக்கும். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, அடி விழுந்த இடத்துக்குக் கீழே லேசாகப் புடைத்து இருக்கும். சின்ன வயதில் அதை வைத்து நுங்கு சீவியிருக்கிறோம். அந்தக் கரட்டடியில் முன்பு யாராவது அம்மி அடித்தார்களா என்று ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அந்தப் பழுப்புக் கல் வேறு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன்.

பாறைப் படிப்பு:
மேலூர் அண்ணன் சொன்னதை நானும் அப்படியே சொல்வேன், காரணத்தோடு. நான்கும் சார்னோகைட். நம் பக்கத்தில் மலை மலையாகக் கிடக்கும் பாறை. அதை இன்றைக்கு உடைத்தால் உள்ளே கருநீலமாக, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். வெயிலிலும் மழையிலும் கிடக்கக் கிடக்க மேல்தோல் பழுப்பாகி, பொரிந்து, மணல் மணலாக உதிரத் தொடங்கும். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் உடைத்த சார்னோகைட் சில்லு திறந்த வெளியில் கிடந்து இவ்வளவு கூரான ஓரத்தோடு இருக்கவே முடியாது. ஓரம் புதிதாக இருந்தால் உடைப்பும் புதிது.

இதோடு சேர்த்து ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பல்லாவரம் என்ற பெயர் நிலவியல் படித்தவர்களுக்கு சார்னோகைட்டால் தெரியும், தொல்லியல் படித்தவர்களுக்கு நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்த கல்லால் தெரியும். மலை முழுக்க சார்னோகைட், ஆனால் அவர் கையில் எடுத்த கருவி குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகிக் கெட்டியான கல். காலடியில் கிடக்கும் பாறையை விட்டுவிட்டு, நன்றாகச் செதில் பிரியும் கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதனால் நம் மலைகளில் தேடப் போகிறவர் முதலில் கருவியைத் தேடக் கூடாது, கல்லைத் தேட வேண்டும். குவார்ட்சைட் எந்த ஓடையின் கூழாங்கல்லில் வருகிறது, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்) நரம்பு எந்தப் பாறையில் தடிமனாக ஓடுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தேனிக்காரன்:
காவிரிக்குத் தெற்கே பழைய கற்காலமே கிடையாது என்றுதானே சொல்வார்கள்? நல்ல கல் இல்லை, அதனால் ஆள் வரவில்லை என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க இந்தத் தேடல் வீண் வேலை இல்லையா? கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வைகைக்கரை:
நல்ல கேள்வி தம்பி. தெற்கே மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது என்பது உண்மை. அத்திரம்பாக்கம் இருக்கும் கொற்றலையாறு பக்கம் போல அடுக்கடுக்காக, ஆயிரக்கணக்கில் கருவி தந்த இடம் இங்கே இல்லை. ஆனால் 'குறைவாகப் பதிவாகியிருக்கிறது' என்பதும் 'ஆள் வரவில்லை' என்பதும் இரண்டு தனித்தனி வாக்கியங்கள், நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

கல் இல்லை என்ற காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் ஹுணசகிப் பள்ளத்தாக்கில் தொல்லியல் ஆய்வாளர் பத்தய்யா பல பத்தாண்டுகள் நடந்து நடந்து அச்சூலியன், அதாவது கைக்கோடரிக் காலத்து, இடங்களைக் கண்டுபிடித்தார். அங்கே இசாம்பூரில் சுண்ணாம்புக் கல்லை உடைத்தே கைக்கோடரி செய்திருக்கிறார்கள், பாறை எடுத்த இடமும் பட்டறையும் ஒன்றாகவே கிடைத்தன. கைக்கோடரி என்றாலே குவார்ட்சைட் என்று சென்னைப் பக்கத்தை வைத்து மனதில் பதிந்திருப்பவர் சுண்ணாம்புக் கல்லைக் குனிந்து பார்த்திருக்கவே மாட்டார். நம் பக்கத்தில் அது வெங்கச்சங்கல்லாக இருக்கலாம். அதில் செய்த கருவியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உள்ளே விரிசல் நிறைய, அடித்தால் நினைத்த மாதிரி பிரியாது, அடி விழுந்த புடைப்பும் சரியாகத் தெரியாது. நிலம் முழுக்க வெள்ளைக் கல் சிதறிக் கிடக்கும்போது அதில் எது மனிதன் உடைத்தது என்று யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

இன்னும் தெற்கே வாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தேரி மணலில் நுண்கற்கருவிகள் கிடைத்ததைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவை பழைய கற்காலத்துக்கு ரொம்பப் பிந்தியவை, அதைக் கலக்கக் கூடாது. ஆனாலும் செர்ட் என்னும் வழவழப்பான கெட்டிக் கல்லும் வெங்கச்சங்கல்லும் வைத்து இங்கேயும் கருவி செய்ய முடிந்தது என்பதற்கு அது சாட்சி.

உசிலை:
உசிலம்பட்டிப் பக்கம் ஒருவருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆதிக் கூட்டத்தின் மரபணு இருக்கிறது என்று காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் கண்டுபிடித்தாரே, எம்130 என்று. அப்படியென்றால் எங்கள் மலையில் நிச்சயம் கருவி இருக்கத்தானே வேண்டும்?

பாறைப் படிப்பு:
அது பெரிய ஆய்வு, மதுரைக்குப் பெருமை. ஆனால் ஒரு மரபணுக் குறி இன்று இங்கே இருப்பவரின் மூதாதையர் எந்தக் கூட்டத்தின் கிளை என்று சொல்லும். அவர்கள் எந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து கல் உடைத்தார்கள் என்று சொல்லாது. அந்த மரபணு பேசும் காலம் பல்லாயிரம் ஆண்டு, அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்கு பேசும் காலம் 15 லட்சம். அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்கள் நம் இனமே இல்லை, நமக்கு முந்திய வேறு மனித இனம். இரண்டையும் ஒரே நூலில் கோக்க முடியாது.

சோழவந்தான் வாசகி:
அப்படியென்றால் எலும்பு ஏதாவது கிடைத்தால்தானே யார் என்று தெரியும்? கீழடி ஆய்வு நடந்த சமயத்தில் வைகை முழுக்கப் பார்த்தார்களே, அதில் இந்தக் காலத்து இடங்கள் வரவில்லையா?

வைகைக்கரை:
எலும்புக்கு ரொம்ப ஆசைப்படாதீர்கள் அக்கா. இந்தியா முழுக்கவே அவ்வளவு பழைய மனித எலும்பு என்று சொல்ல, நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் கிடைத்த மண்டையோட்டுப் பகுதியைத்தான் காட்டுவார்கள். நம் செம்மண்ணும் சரளையும் எலும்பைத் தின்றுவிடும். கல்தான் மிஞ்சும்.

வைகை மேற்பரப்பாய்வில் 293 இடங்கள் பதிவானது உண்மை, அதன் பிறகுதான் கீழடியில் தோண்டினார்கள். அந்த ஆய்வு ஆற்றின் இரு கரையிலும் குடியிருப்பு மேடு, பானை ஓடு, முதுமக்கள் தாழி என்று தேடிப் போனது. கீழடி இரண்டாயிரத்து அறுநூறு வருடக் கதை. நாம் இங்கே பேசுவது அதைப் போல நூறு மடங்குக்கும் மேலான காலம். மதுரைக்காரர்களான நம் கண் ஓட்டுக்கும் எழுத்துக்கும் பழகிவிட்டது. மாங்குளம், கொங்கர் புளியங்குளம், அரிட்டாபட்டி என்று மலையேறினால் குகைத்தளத்துத் தமிழிக் கல்வெட்டைப் பார்ப்போம், கருங்காலக்குடியில் பாறை ஓவியத்தைப் பார்ப்போம், படம் எடுப்போம், இறங்கிவிடுவோம். அந்தக் குகைக்குக் கீழே சரிவில் கிடக்கும் சரளையை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம்.

கரட்டு நடை:
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. நேற்று ஊருக்குள் போய்க் கேட்டேன். ஆட்டுக்கிடை போடும் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும், நான் படத்தைக் காட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். அவர் இளவட்டமாக இருந்தபோது இரண்டு குடும்பம் அந்த ஓடைக்கு மேலே கொட்டகை போட்டு அம்மி, உரல் அடித்து வண்டியில் சந்தைக்கு ஏற்றுவார்களாம். இடத்தையும் வந்து காட்டினார். சில்லு குவியலாகவே கிடக்கிறது, பாதியில் உடைந்துபோன ஒரு உரலும் கிடக்கிறது. நான்கு கற்களின் கணக்கு முடிந்தது. மேலூர் அண்ணன் கண்ணுக்குக் கும்பிடு.

ஏமாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் உரல் அடிப்பதைக் கையால் காட்டியபோது, இந்த வேலையை யாரும் எழுதி வைக்கவில்லையே என்றும் தோன்றியது. அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

அந்தப் பழுப்புக் கல் மிச்சம். ஒழுங்காகத் தேட வேண்டும் என்றால் மலையில் எப்படி நடக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மலை என்றதும் உச்சியை நினைக்காதீர்கள். உச்சியிலும் செங்குத்துச் சரிவிலும் மண் நிற்காது, மண் நிற்காத இடத்தில் கருவியும் நிற்காது. லட்சக்கணக்கான ஆண்டு மழை எல்லாவற்றையும் அடிவாரத்துக்குத் தள்ளியிருக்கும், அதன் மேல் இன்னும் பல மீட்டர் மண் ஏறியிருக்கும். அதனால் மேலே நடந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் அது தேடியதாகவே ஆகாது. ஏற்கெனவே பூமியைப் பிளந்து வைத்திருக்கும் இடங்களுக்குப் போங்கள். ஓடை அரித்த கரை, கிணறு வெட்டிக் கொட்டிய மண், கிராவல் எடுத்த பள்ளம், கண்மாயில் கரம்பை எடுத்த குழி. ஃபூட் பல்லாவரத்தில் பார்த்ததும் சரளை தோண்டிய ஒரு குழியிலிருந்து வெளியே போட்ட மண்ணில்தான்.

சரிவின் நடுவே சமதளத் திட்டு இருந்தால் அங்கே நில்லுங்கள். கணவாய், சுனைக்குப் பக்கம், பாறை ஒதுக்கின் வாசல், இவையும் அப்படியே. மற்ற இடத்தில் ஏறி இறங்காமல் மலையைச் சுற்றி ஒரே உயரத்தில் நடங்கள், மூச்சும் வாங்காது, கண்ணும் தரையில் இருக்கும். ஐந்து பேர் பத்து மீட்டர் இடைவெளியில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ ஐந்து ஹெக்டேர் பார்த்ததாகக் கணக்கு. தரை எவ்வளவு தெரிந்தது என்று ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் எழுதுங்கள். சீமைக்கருவை மூடிய இடத்தில் ஒன்றும் கிடைக்காததற்கும், வெறும் பொட்டலில் ஒன்றும் கிடைக்காததற்கும் ஒரே அர்த்தம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கழுவி, புல் காய்ந்த பிறகு மாசி, பங்குனியில் போனால் தரை நன்றாகத் தெரியும்.

கல் கண்ணில் பட்டால் கை வைக்காமல் முதலில் நின்று சுற்றிப் பாருங்கள். ஒற்றைக் கல்லை நம்பக் கூடாது. ஓடையில் உருண்ட கல்லும் சில சமயம் ஓரம் உடைந்து கருவி மாதிரி நிற்கும், காட்டுத் தீயில் வெந்த பாறையும் தட்டுத் தட்டாகத் தெறிக்கும். செதில் எடுத்த தடங்கள் ஒரே ஒழுங்கில் அடுத்தடுத்து வருகின்றனவா, செதில்களும் அவற்றைப் பெயர்த்த மூலக்கல்லும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பக்கத்தில் அளவுகோல் வைத்து, வடக்கு எது என்று தெரிய ஒரு அம்பு வைத்துப் படம். கைபேசியின் இடக்குறிப்பைத் துல்லியம் என்று நம்ப வேண்டாம், பாறைச் சுவருக்குப் பக்கத்தில் நிறையவே விலகும். அதனால் அசையாத ஒரு பாறையையோ மரத்தையோ குறித்து, அங்கிருந்து நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். கல்லை அது கிடந்த இடத்திலேயே விட்டு வாருங்கள்.

தோண்டவே கூடாது. அகழாய்வுக்கு மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், காப்புக்காடு என்றால் உள்ளே போகவே வனத்துறையிடம் கேட்க வேண்டும். கரையைக் கம்பியால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பதும் தோண்டுவதுதான்.

மேலூர் கல்லு:
குவாரிப் பக்கம் பிறந்தவனாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நான் சின்னப் பிள்ளையில் ஏறி விளையாடிய இரண்டு கரடு இன்றைக்கு இல்லை. பள்ளமாகி, தண்ணீர் நிற்கிறது. அதில் எங்கள் வீட்டுச் சோறும் இருந்தது, அதனால் எளிதாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கரடுகளின் அடியில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. ஜேசிபி ஒரு நாளில் அள்ளுகிற சரளையை நீங்கள் ஒரு மாதம் நடந்து பார்க்க முடியாது. ஒன்றும் இல்லை என்றாவது எழுதி வைத்திருந்தால் பரவாயில்லை. பார்க்காமலேயே போய்விட்டது.

தேனிக்காரன்:
இதைப் படித்த பிறகு என் முதல் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். ஒன்றும் கிடைக்காத நடையை எழுதி வைத்தால் அதை யார் வாங்கிக்கொள்வார்கள்?

பாறைப் படிப்பு:
ஃபூட்டையே பாருங்கள். அவர் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, எது எந்த ஊரில் எடுத்தது என்ற குறிப்போடு. அவர் நிலவியல் துறையில் பாறைகளை வரைபடமாக்க வந்தவர், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி 1883-இல் அவர் எழுதியதும் இருக்கிறது. அவர் குறித்து வைத்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போக முடிகிறது. நாம் எழுதும் காலி நடையும் அடுத்து வருகிறவருக்கு இந்தச் சரிவு பார்த்தாயிற்று, அடுத்ததற்குப் போ என்று சொல்லும். கல்லூரிகளில் தொல்லியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

கரட்டு நடை:
மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் இரண்டு நண்பர்களும் பழுப்புக் கல் எடுத்த இடத்திலிருந்து ஓடையின் மேலும் கீழும் அரை கிலோமீட்டர் பார்த்தோம். சரிவில் ஒரே உயரத்தில் நான்கு தடவை நடந்தோம். அதில் மூன்று நடையில் ஒன்றும் இல்லை, மூன்றையும் எழுதியிருக்கிறேன். நான்காவதில் அம்மிச் சில்லு மட்டும். ஆனால் ஓடைக் கரையில், தரைமட்டத்துக்கு இரண்டு மீட்டருக்குக் கீழே, செம்மண்ணுக்கு அடியில் இறுகிப்போன ஒரு சரளை வரி ஓடுகிறது. அந்த வரியில் உருண்ட குவார்ட்சைட் கற்கள் இருக்கின்றன, மேலே எங்கும் அந்தக் கல் இல்லை. என்னிடம் உள்ள பழுப்புக் கல்லும் அதே கல்தான் என்று பாறைப் படிப்பு படத்தைப் பார்த்துச் சொன்னார். ஓரிடத்தில், பாதி மண்ணுக்குள் பதிந்தபடி, ஒரு முனை மட்டும் தெரிய ஒரு கல் நிற்கிறது. இரண்டு செதில் தடம் தெரிகிறது. கை துறுதுறுத்தது. தொடவில்லை. நாடா பிடித்து, படம் எடுத்து, கரையை வரைந்துகொண்டு வந்தோம்.

வைகைக்கரை:
தொடாமல் வந்தீர்களே சார், அதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

இரண்டு தடத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஓடைச் சரளையில் மோதி உடைந்ததாகவும் இருக்கலாம். ஆனால் தனிச் சரளை வரி, அதில் மட்டும் குவார்ட்சைட், மேலே செம்மண், இவ்வளவும் சேர்ந்து வருவதால் தெரிந்தவர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டிய இடம். வரைபடம், படங்கள், காலி நடைக் குறிப்பு, அம்மிப் பட்டறை பற்றிப் பெரியவர் சொன்னது, நீங்கள் முதலில் எடுத்து வந்த ஐந்து கற்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். எடுத்தது தவறுதான் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பதில் வரத் தாமதமானால் மறுபடி எழுதுங்கள். அதுவரை மழைக்கு அந்தக் கரை நிற்குமா என்பதுதான் என் கவலை.

கரட்டு நடை:
கடிதம் எழுதியாயிற்று, திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கரைக்கு மேலே தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் வரப்பு மாதிரி மண்ணை அணைத்துத் தண்ணீரைத் திருப்பிவிடலாம் என்று அந்த ஆட்டுக்காரப் பெரியவர் சொல்கிறார். அது அவர் பங்காளி நிலம், அவரே அனுமதி கேட்டு வாங்கிவிட்டார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் தனிச் செய்தி அனுப்புங்கள், இடத்தை அதில் சொல்கிறேன். மேலூர் அண்ணன் கட்டாயம் வர வேண்டும். முப்பது மீட்டர் நாடா ஒன்று யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், என்னுடையது பதினைந்துதான்.

மேலூர் கல்லு:
வருகிறேன் அண்ணே. நாடா இருக்கிறது. அப்பாவும் வருகிறேன் என்கிறார், அந்த உடைந்த உரலைப் பார்க்க வேண்டுமாம்.